கை பொய் சொல்லாது

"கை பொய் சொல்லாது" என்று ஒரு மேடையில் பரிதி வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். நல்ல கைதட்டல். அடுத்த மாதமே நிறுவனம் அதை அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்துவிட்டது. இப்போது தமிழ்நாட்டில் எந்த வீட்டுப் பரணை எட்டிப் பார்த்தாலும் அந்த வாசகம் கண்ணில் படும். காலிப் பெட்டியைத் தூக்கிப் போடத்தான் நமக்கு மனசு வராதே.

பெட்டியில் வந்த சாமானின் பெயர் துழாவி. தாம்பாளம் அளவுக்கு ஒரு தட்டு, அதில் ரவை மாதிரி சாம்பல் நிற மணிகள். வீட்டில் எடுத்த வீடியோ, பதிந்த குரல் எல்லாம் அதற்குள் கிடக்கும். தேட வேண்டுமென்றால் பெயர் தட்ட வேண்டாம், தேதி ஞாபகம் இருக்க வேண்டாம், கையை விட்டுத் துழாவினால் போதும். ஒவ்வொரு பதிவும் சிறு உருண்டையாக விரலில் தட்டுப்படும். புதியது இளஞ்சூடாக இருக்கும், பழையது குளிர்ந்திருக்கும். குரல் சொரசொரக்கும், வீடியோ வழுக்கும். எடுத்து அழுத்தினால் தட்டின் மேல் படம் ஒளியாக எழுந்து நிற்கும். வேண்டாத படத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து, கசக்கி, தட்டுக்கு வெளியே எறிந்துவிட வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எளிது என்று அரசே ரேஷன் கடைகளில் இலவசமாகக் கொடுத்தது.

அந்தக் கசக்கலை வடிவமைத்தவன் பரிதி. 'நிச்சயமாக அழிக்கவா?' என்று எல்லா இயந்திரங்களும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத் துழாவியிலிருந்து பிடுங்கிப் போட்டவனும் அவனே. அதற்குப் பதிலாகத் தட்டு கையை அளக்கும். வேகம், அழுத்தம், தயக்கம் எல்லாவற்றையும் கணக்கிட்டு 'உறுதி' என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடும். கை சொன்ன பிறகு வாயை எதற்குக் கேட்க வேண்டும் என்பது அவன் கட்சி.

அந்த மதிப்பெண்ணுக்குச் சாட்சி சொல்லத்தான் இப்போது சாத்தூருக்கு வந்திருந்தான். ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. எழுந்தால் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடின.

வழக்கு இதுதான். ஊருக்கு வெளியே ஒரு தீப்பெட்டிக் கிடங்கு எரிந்தது. உள்ளே படுத்திருந்த காவலாளி செத்துப்போனார். கூலித் தகராறில் அங்கே வேலையை விட்டு நின்ற சபரிநாதனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தீப்பிடித்த நேரத்தில் வீட்டில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தேன், அம்மா அதைப் போனில் எடுத்துத் தட்டில் போட்டது, நண்பர்களுக்கும் அனுப்பினேன் என்றான் அவன். தட்டைத் துழாவினார்கள். வீடியோ இல்லை. மறுநாள் காலையில், போலீஸ் வீட்டுக்கு வருவதற்குச் சற்று முன்னால், அவன் அம்மா மாரீஸ்வரியின் கை அதை அழித்திருந்தது. உறுதி தொண்ணூற்றேழு. நண்பர்களுக்கு அனுப்பிய பிரதிகளும், அவர்கள் திறந்து பார்க்கும் முன்பே, அதோடு போய்விட்டன, சட்டம் அப்படி.

அரசு வக்கீலின் வாதம் ஒரே வரி. பெற்ற பிள்ளையைக் காப்பாற்றும் வீடியோவை எந்தத் தாயாவது அழிப்பாளா? ஆக, அதில் இருந்தது வேறு ஏதோ. மகன் முதல் எதிரி, சாட்சியத்தை அழித்த தாய் இரண்டாம் எதிரி.

எதிர்த்தரப்பு வக்கீல் மெஹருன்னிசாவின் அலுவலகம் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. சாட்சி சொல்லும் முன் தட்டின் பதிவை அவருக்கும் காட்ட வேண்டும் என்பது விதி. பரிதி தான் கொண்டுவந்த தட்டை மேசையில் வைத்தான்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க பரிதி சார்," என்றார் மெஹருன்னிசா. ஐம்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "ஒரு வீட்டுல அழிச்சா ஊரு பூரா எப்படி அழியுது?"

"எந்த வீட்டுல எடுத்ததோ அந்த வீட்டுக்காரங்கதான் அதுக்குச் சொந்தக்காரங்க மேடம். அவங்க வேண்டாம்னுட்டா யாருகிட்டயும் இருக்கக் கூடாது. மறதிச் சட்டம்."

"சட்டம் தெரியும். பொண்ணுங்களோட வீடியோவ ஊரெல்லாம் அனுப்பி மானத்த வாங்குனானுகளே, அதுக்காக அந்தச் சட்டத்தக் கேட்டுத் தெருவுல நின்னவதான் நான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அது இப்ப என் கட்சிக்காரி கழுத்துல வந்து விழுந்திருக்கு. சரி, காட்டுங்க. என்ன மிச்சம் இருக்கு?"

"வீடியோ இருக்காது. எப்ப எடுத்தது, எப்ப அழிச்சது, அழிச்ச கையோட அசைவு. அவ்வளவுதான்."

அப்போது மாடிப்படியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மாரீஸ்வரி உள்ளே வந்தாள். ஜாமீனில் இருந்தாள். காராச்சேவுக் கடையில் வேலை, நேரே அடுப்படியிலிருந்து வந்திருந்தாள் போல, புடவையில் எண்ணெயும் ஓமமும் மணந்தன. பரிதியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் இதச் செஞ்ச புண்ணியவானா?"

பரிதி தலையை ஆட்டினான்.

"நல்லாச் செஞ்சீகய்யா. ஓசியில குடுக்கும்போதே நான் யோசிச்சிருக்கணும்."

அவன் அவசரமாகப் பதிவை ஓடவிட்டான். தட்டின் மேல் ஒளியில் இரண்டு கைகள் எழுந்தன. உடம்பில்லாத கைகள், மணிக்கட்டோடு சரி. முதலில் சும்மா நின்றன. பிறகு அகன்று விரிந்து, நடுவில் இருந்த ஏதோ ஒன்றை மேலிருந்து கீழாக இரண்டு பக்கமும் வளைத்தன. விரல்கள் மடங்கின. மடங்கிய கைகள் விருட்டென்று தட்டின் எல்லைக்கு வெளியே போய் மறைந்தன. ஒரு பெண் குரல் உணர்ச்சியே இல்லாமல் சொன்னது: "அழிக்கப்பட்டது. உறுதி தொண்ணூற்றேழு."

மாரீஸ்வரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"இது என் கைதான்," என்றாள். "சுண்டுவிரல் கோணல் தெரியுது பாருங்க, சேவு அச்சுல மாட்டுனது. ஆனா நான் அழிக்கலய்யா. காலைல ஒரு தடவ போட்டுப் பாத்தேன். படம் முடிஞ்சதும் வேலைக்குக் கெளம்பிட்டேன். அம்புட்டுத்தான்."

"அழிச்ச சத்தம் கேட்டிருக்குமே. 'அழிக்கப்பட்டது'ன்னு சொல்லுமே?"

"அது எதையாச்சும் சொல்லிக்கிட்டேதான்யா இருக்கும். பால் பாக்கெட்டு விளம்பரம் சொல்லும், ஹாஸ்டல் விளம்பரம் சொல்லும். எல்லாத்தையும் காதுல வாங்கினா நான் சோலி பாக்க முடியுமா?"

"ஹாஸ்டலா?" என்றார் மெஹருன்னிசா.

"ஆமாக்கா. எந்தங்கச்சி மக வீட்டுலயும் அதேதான். ரெண்டு வயசுப் புள்ளய வச்சிருக்கா, அவளுக்குப் பொழுது விடிஞ்சா 'உங்க குழந்தைய எங்க விடுதியில விடுங்க'ன்னு வருதாம். அவ அழுகுறா."

மெஹருன்னிசா பரிதி பக்கம் திரும்பினார். "நேராக் கேக்கறேன். நீங்க இந்த மதிப்பெண்ண நம்புறீங்களா?"

"எங்கம்மா விஷயத்துலயே நம்பினேன் மேடம்," என்றான். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. பேனா மூடியைத் திறந்து மூடினான்.

அது மூன்று வருஷக் கதை. நாகர்கோவில்காரி பிரின்ஸியைப் பரிதி பதிவுத் திருமணம் செய்துகொண்டான். கும்பகோணத்தில் அவன் வீட்டில் ஒரு விருந்து நடந்தது. அப்பா இல்லாத வீடு, உறவுக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்த விருந்தை எடுத்த ஒரே வீடியோ அடுத்த நாளே எல்லாருடைய தட்டிலிருந்தும் போய்விட்டது. அழித்தது அம்மா கமலவேணி. அலுவலகத்தில் உட்கார்ந்து பரிதி பதிவைத் திறந்து பார்த்தான். உறுதி தொண்ணூற்றொன்பது. தமிழ்நாட்டில் அதற்கு மேல் மதிப்பெண் வாங்கிய கையை அவன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அம்மாவோடு பேசவில்லை. குழந்தை பிறந்ததைக்கூட யாரோ சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாளாம்.

மெஹருன்னிசா அதற்கு மேல் துருவவில்லை. கீழே சொல்லி டீ வரவழைத்தார். மாரீஸ்வரி கையோடு கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் வெளியூரிலிருந்து வந்த ஆளுக்குத் தின்னக் கொடுக்காமல் இருக்க அந்த ஊர்க்காரர்களால் முடியாது.

"புள்ள குட்டி இருக்காய்யா?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு. அமுதினி."

"போட்டோ வச்சிருக்கீகளா?"

பரிதி போனை நீட்டினான். மஞ்சள் கவுன் போட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, வாயெல்லாம் பல்லாக நின்றாள் அமுதினி. மாரீஸ்வரியின் முகத்தில் இருந்த கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை.

"ஆத்தி! என்னா சிரிப்பு, என் ராசாத்தி!"

அவள் கைகள் போனை நோக்கி அகன்று விரிந்தன. படத்தின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக வளைத்தன. விரல்கள் மடங்கின. மடங்கிய விரல்களை விருட்டென்று தன் இரண்டு நெற்றிப்பொட்டிலும் வைத்து அழுத்தினாள். பத்து விரலும் படபடவென்று நெட்டி முறிந்தன.

"எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாருங்க," என்றாள்.

பரிதியின் டீ மேசை முழுக்க ஓடியது. அவன் எழுந்து நின்றிருந்தான்.

"என்ன செஞ்சீங்க இப்ப?"

"என்ன செஞ்சேன்? திருஷ்டி கழிச்சேன். ஏன்யா, உங்க பக்கம் பழக்கமில்லையா? ஒண்ணும் தப்பா எடுத்துக்கிடாதீக..."

"வீடியோ பாக்கும்போதும் செய்வீங்களா? தட்டு முன்னால?"

"எம்புள்ள அழகா ஆடுனா செய்யாம இருக்க முடியுமா? கை தானாப் போகும்."

கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தட்டு கைய மட்டும்தான் பாக்குது," என்றார் மெஹருன்னிசா மெதுவாக. "அதுக்கப்புறம் கை எங்க போச்சுன்னு அதுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"எல்லையத் தாண்டினா எறிஞ்சதா எடுத்துக்கும்." பரிதி நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தான். "விரல் சொடுக்கற சத்தம் கேட்டா மதிப்பெண் இன்னும் ஏறும். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கசக்கறவங்களுக்கு விரல் சொடுக்கும்னு நாந்தான் சேர்த்தேன்."

"ஏன் சார், நீங்க தமிழ்நாட்டுலதான பொறந்தீங்க? உங்களுக்கு இது தோணவே இல்லையா?"

அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் அலுவலகப் பையன்கள், பெண்கள். கல்யாணம் ஆகாதவர்கள். அவர்கள் தட்டில் போட்டுப் பார்த்தது கிரிக்கெட்டும் தங்கள் முகமும். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது பிள்ளை இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

சந்தேகம் தீர, மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைத் தன் போனில் படம் பிடித்துத் தட்டில் போட்டான். எழுந்து நின்ற மின்விசிறிக்குத் தானே திருஷ்டி கழித்தான். "அழிக்கப்பட்டது. உறுதி அறுபது," என்றது தட்டு. இன்னொரு முறை செய்தான். ஐம்பத்தெட்டு.

"அந்தம்மாவுக்குத் தொண்ணூற்றேழு, உங்களுக்கு அறுபதா?"

"எனக்கு இந்த ஃபேன் மேல பாசம் இல்ல மேடம்."

தயக்கமில்லாத கை என்றால் வெறுத்த கை என்று அவன் தட்டுக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். பாசத்துக்கும் தயக்கம் கிடையாது என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. பிள்ளை எவ்வளவு அழகாக ஆடியதோ அவ்வளவு சுத்தமாக அழிந்திருக்கிறது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடந்துகொண்டே நிறுவனத் தலைவி கிருத்திகாவுக்குப் போன் போட்டான். அவள் முழுவதும் கேட்டாள். பதறவில்லை. அதுதான் அவனை உறுத்தியது.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"காரணம் தெரியாது பரிதி. குழந்தைகளோட வீடியோதான் அதிகமா அழியுதுன்னு கணக்கு வந்துச்சு. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வயசு. அதுலயும் அம்மாக்கள். பெற்றோர் சலிப்புன்னு பேர் வெச்சோம். அந்தத் தகவலை வித்துட்டோம்."

"யாருக்கு?"

"விடுதிப் பள்ளிகளுக்கு."

பரிதி நின்றான். ஒரு மதுரை பஸ் அவனை இடிக்காத குறையாகத் திரும்பியது.

"இத்தனை பேரு வீட்டுல போயிருக்கே, யாருமே ஏன் கேக்கல?"

"அடியில எங்கேயாவது கிடக்கும்னு நினைச்சுக்கறாங்க. தேடினாக் கிடைக்கும்னு விட்டுடறாங்க. நாளைக்குக் கோர்ட்ல கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இயந்திரம் அளந்தது சரியா? சரி. அழிச்சது அந்தம்மா கையா? ஆமா. பொய் சொல்லச் சொல்லல. நீங்களா எதையும் ஆரம்பிக்காதீங்க."

"அந்தப் பையன் ஆயுசுக்கும் உள்ள இருப்பான்."

"நாம திறந்து சொன்னா எத்தனை வீட்டுல இழவு விழும்னு யோசிச்சீங்களா? ஒவ்வொரு அம்மாகிட்டயும் போய், உன் பிள்ளையோட முதல் நடைய நீதான் அழிச்சேன்னு சொல்லப் போறீங்களா?"

அவள் சொன்னதில் பாதி சுயநலம், பாதி உண்மை. எந்தப் பாதி எது என்று பிரிக்க முடியாததுதான் தொல்லை. போனை வைத்த பிறகும் நடந்தான். நடக்க நடக்க வேறொன்று உள்ளே கிளம்பி அவனைப் போட்டுப் புரட்டியது. அம்மாவின் தொண்ணூற்றொன்பது. அவளும் மகனையும் மருமகளையும் மணக்கோலத்தில் பார்த்துக் கையை வளைத்து நெட்டி முறித்திருந்தால்? மூன்று வருஷம்! உடனே கூப்பிட நினைத்தான். நாளை முடியட்டும், சாட்சி சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து கூப்பிடலாம் என்று அடக்கிக்கொண்டான்.

மறுநாள் நீதிமன்றத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அரசு வக்கீல் கேட்டார், அவன் பதில் சொன்னான். இயந்திரம் சரியாக அளந்ததா? ஆமாம். கை இரண்டாம் எதிரியுடையதா? ஆமாம். தவறுதலாகப் பட்டு அழிந்திருக்க முடியுமா? முடியாது. அரசு வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

மெஹருன்னிசா எழுந்தார். "ஒரே கேள்வி. அந்தக் கை என்ன நினைச்சுச்சுன்னு உங்க தட்டுக்குத் தெரியுமா?"

கிருத்திகா சொன்னபடி பார்த்தாலும் இது கேட்ட கேள்விதான். பரிதி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியாது. தெரியும்னு நாங்க சொல்லி வித்தோம்," என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா, இது சொல்லிக்கொடுத்த கதை. அழிச்சவங்க எல்லாரும் இனிமே திருஷ்டி கழிச்சேன்னு வந்து நிப்பாங்க."

"நடிச்சாத் தெரிஞ்சிடும் ஐயா," என்றான் பரிதி நீதிபதியிடம். "நான் செஞ்சப்ப அறுபதத் தாண்டல. அவங்களையே செய்யச் சொல்லிப் பாருங்க."

நீதிபதி கொஞ்சம் யோசித்து அனுமதித்தார். கூண்டில் நின்ற சபரிநாதனை அங்கேயே படம் பிடித்துத் தட்டில் போட்டார்கள். தட்டை மாரீஸ்வரி முன்னால் வைத்தார்கள். அவள் தொடவே பயந்தாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இந்தத் தயக்கத்தில் மதிப்பெண் நாற்பதைத் தொடாதே என்று பரிதி கவலைப்பட்டான்.

படம் எழுந்து நின்றது. ஒட்டிய கன்னம், சவரம் செய்யாத தாடி, சட்டைக் காலரில் அழுக்கு. சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தூரத்தில் நிற்கிற மகனை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. கோர்ட்டு, வக்கீல், தட்டு எல்லாம் அவளுக்கு மறந்துபோனது தெரிந்தது.

"எப்படி எளைச்சுட்டான்..." என்றாள். "என் ராசா."

கை தானாகப் போனது. வளைத்தது, மடங்கியது, பொட்டில் அழுந்தியது. நெட்டி முறிந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

"அழிக்கப்பட்டது," என்றது தட்டு. "உறுதி தொண்ணூற்றெட்டு."

மகன் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிற மணிகள் மட்டும் கிடந்தன. மாரீஸ்வரி இரண்டு கையையும் பொட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "எம்மா, விடும்மா, நான் இங்கதான் இருக்கேன்," என்று கூண்டிலிருந்து சபரிநாதன் கத்தினான். கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவர்கள் எங்கே ஓடுகிறார்கள், வீட்டுக்குப் போய் எதைத் தேடப் போகிறார்கள் என்று பரிதிக்குத் தெரிந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"அழிந்ததைத் திரும்ப எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

"ஒரு சின்னக் குழந்தை பேசினது... குரல் மட்டுமாவது?"

வழக்கில் குழந்தை எதுவும் இல்லை. பரிதி தலையைக் குனிந்துகொண்டான். "இல்லைங்க."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேற்கொண்டு நடத்தினார். அந்த மதிப்பெண்ணைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார். அன்றே சபரிநாதனுக்கு ஜாமீன் கிடைத்தது. மாரீஸ்வரி மீதான குற்றச்சாட்டு தள்ளுபடியானது. பரிதியின் போனில் வேலை நீக்கச் செய்தி அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அவன் அதை முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

வாசலில் மாரீஸ்வரி அவனைத் தேடிவந்து ஒரு பெரிய சேவுப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். "அந்த வீடியோவுல எம்புட்டு நல்லா ஆடுவான் தெரியுமா. போச்சு. போகட்டும்யா, ஆளு வந்துட்டான்ல," என்றாள். அமுதினிக்குக் கொடுக்கச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணோரம் நின்று பரிதி கும்பகோணத்துக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொட்டலத்தின் நூலை விரல் சுற்றிச் சுற்றி அவிழ்த்தது.

"யாரு?"

"அம்மா, நான்தான். பரிதி."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். "சொல்லுடா."

மூச்சு விடாமல் சொன்னான். சாத்தூர், மாரீஸ்வரி, கோர்ட்டு, நெட்டி முறித்தது எல்லாம். "என் மிஷின்தாம்மா தப்பு. மூணு வருஷமா அதை நம்பி உன்னப் போய்... நீயும் எங்களப் பாத்துத் திருஷ்டிதானே கழிச்சே? உனக்கே தெரியாம அழிஞ்சு போச்சு, இல்லையா?"

"இல்லடா," என்றாள் கமலவேணி. "நான் தெரிஞ்சேதான் அழிச்சேன்."

நூல் சுற்றிய விரல் அப்படியே நின்றது.

"பந்தி பரிமாறணும்னு, வீடியோ ஓடுற போனைச் சொம்புல சாத்தி வச்சுட்டு நான் உள்ள போயிட்டேன். உன் கோவிந்தராசு மாமா அது பக்கத்துல நின்னுக்கிட்டு அந்தப் பொண்ணப் பத்தியும், அவ ஆயி அப்பனப் பத்தியும் வாயில வரக் கூடாததெல்லாம் பேசியிருக்கான். மறுநாள் போட்டுக் கேட்டேன். உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. பிரின்ஸி தட்டுலயும் அது இருக்கே, அவ ஆசையா உக்காந்து பாப்பாளேன்னு நெனைச்சேன். ரெண்டு கையாலயும் புடிச்சுக் கசக்கினேன். என் ஆத்திரம் தீர்ற வரைக்கும் கசக்கினேன். அவன அதுக்கப்புறம் வாசப்படி ஏற விடல."

தட்டு சரியாகத்தான் அளந்திருந்தது. தொண்ணூற்றொன்பது.

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ ஒரு வார்த்தை கேக்கலையேடா," என்றாள் அம்மா. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனாங்கறது வேற. ஆனா நீ கேக்கல."